மஞ்சள் பூ பூத்த வலம்புரி

பாப்பாவுக்கு,

சுற்றி வளைக்காமல் முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று உன் பெரியம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல்லிவிடுகிறேன். உன் தோள்பையில் காயவைத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாயே வலம்புரி இலை, அதை எந்தக் குழந்தைக்கும் கொடுக்காதே. அரைத்தும் கொடுக்காதே, ஊறவைத்தும் கொடுக்காதே. பெரிய ஆட்களுக்கும் வேண்டாம். ஏன் என்று கேட்காமல் முதலில் போய்ப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டு வா. மீதியை அதற்கப்புறம் படி.

நீ மலையிலிருந்து சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு இனி ஞாயிற்றுக்கிழமைதான் இறங்குவாய். இன்று வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பையனை விட்டு இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அனுப்பினாலும் ஞாயிறு வரை ஒற்றை டிக்தான் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நடுவில் சனிக்கிழமை ஒரு முழு நாள் இருக்கிறது. அந்த நாளில், செடி ஆராய்ச்சிக்கு என்று நீ தங்கியிருக்கிற கேம்ப்பில் யாருக்கும் வயிறு வலிக்கக் கூடாது என்று நேற்று சாயந்திரத்திலிருந்து நான் வேண்டாத சாமி இல்லை. போனில் சொல்லாமல் எதற்கு எழுதுகிறேன் என்றால், அதுவும் உன் பெரியம்மாவின் உத்தரவுதான். "போன்ல சொன்னா நீங்க அதுலயும் ஒரு கதை சேத்துடுவீங்க. எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுதான் அனுப்பணும்" என்றாள். அவள் கையில் சிவப்புப் பேனா இருக்கிறது.

நான் எட்டாவது வரை படித்தவன். அதுவும் முழு எட்டு இல்லை, அரைப் பரீட்சையோடு நின்றுபோனது. ஆனாலும் நர்சரியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து, நெய்வேலி மைன்ஸில் நிலக்கரிக்குத் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் லட்சம் கன்று நட்டவன். லட்சம் என்பதை உன் பெரியம்மா அடிக்கச் சொல்கிறாள். சரி, நிறையக் கன்று நட்டவன். புல் முளைக்காத மேடு அது. சித்திரை வெயிலில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். அங்கே இன்று மயில் மேய்கிறது என்றால் அதில் என் கையும் இருக்கிறது, இதை யாரும் அடிக்க முடியாது. அப்போது வெளியூரிலிருந்து யார் மேட்டைப் பார்க்க வந்தாலும் என்னைத்தான் கூட அனுப்புவார்கள். "இது என்ன செடி?" என்று கேட்பார்கள். கேட்டு வாய் மூடுவதற்குள் நான் பெயர் சொல்லிவிடுவேன். பெயர் தெரியாத செடி என்று ஒன்று என் வாழ்நாளில் எதிர்ப்பட்டதே இல்லை. தெரியாவிட்டால் நானே ஒரு பெயர் வைத்துவிடுவேன். அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். யாரும் திரும்பி வந்து தப்பு என்று சொன்னதில்லை. அதனால் எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. பாப்பா, என் குற்றம் முழுக்க இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அந்த மேட்டின் கிழக்குச் சரிவில் தானாக முளைத்த ஒரு புதர் இருந்தது. என் இடுப்பு உயரம். இலையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும், ஓரம் பல் பல்லாக இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் முறுக்குப் பிழிந்த மாதிரி திருகிக்கொண்டு ஒரு காய் வைத்திருப்பார்களே, பச்சைப்பிள்ளைக்கு வயிறு உப்பினால் உரசி நாக்கில் தடவுவார்களே, அந்த வலம்புரிக்காயை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். செடியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காய்ந்த மலைக்காட்டில் வளரும், இலை சொரசொரப்பாக இருக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அவ்வளவு போதும் எனக்கு. கன்று நடும் பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, "பாத்துக்குங்க, மலையில இருக்கிற வலம்புரி நம்ம மேட்டைத் தேடிக்கினு வந்திருக்கு" என்று சொன்னேன். அதில் ஒருத்தி, "காய் எங்க மேஸ்திரி?" என்று கேட்டாள். "அவசரப்படாத, செடி இன்னும் சின்னப்புள்ள" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் புதர் அப்போது மஞ்சளாகப் பூத்திருந்தது.

நீ எங்களிடம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. உன் அப்பன், என் தம்பி, காமாலையில் போனபோது உனக்கு நாலு வயது. டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்தால் பிள்ளை முன்னுக்கு வரும் என்று உன் அம்மா சேத்தியாத்தோப்பில் தன் அப்பா வீட்டிலிருந்துகொண்டு உன்னை எங்கள் குவார்ட்டர்ஸில் விட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நீ வந்த அன்றைக்கு உன் பெரியம்மா வாசலில் கோலத்தை இரண்டு தடவை போட்டாள், முதல் கோலம் சரியாக வரவில்லை என்று. வாராவாரம் சனிக்கிழமை உன் அம்மா பஸ்ஸில் வருவாள், ஞாயிறு திரும்புவாள். திரும்பும்போது உன்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பயம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். பஸ் புறப்படும் வரை ஏதாவது கதை அளந்துகொண்டே நிற்பேன்.

அது கோடை விடுமுறை. நீ பலாச்சுளை தின்றுவிட்டு மத்தியானம் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாய். பிள்ளைகளுக்கு வருகிற சாதாரண வலிதான். கடைக்கு சைக்கிள் மிதித்தால் ஐந்து நிமிஷத்தில் வலம்புரிக்காய் கிடைத்திருக்கும். ஆனால் கடையில் வாங்கி வருவது எல்லோரும் செய்கிற காரியம். செடியையே அறிந்தவன் எதற்குக் காய்க்குக் கடைக்குப் போக வேண்டும்? சைக்கிளை மேட்டுப்பக்கம் திருப்பினேன். ஒரு கைப்பிடி கொழுந்து பறித்து வந்து நானே அம்மியில் அரைத்து, தேன் குழைத்து உன் வாயில் ஊட்டினேன். நீ முகத்தைச் சுளித்தாய். "கசக்குது பெரிப்பா" என்றாய். "கசந்தாதான்டி மருந்து, மலையில ராஜாவூட்டுப் பிள்ளைங்க குடிக்கிறது" என்று சொன்னேன். அதற்காகவே நீ மிச்சத்தையும் விழுங்கினாய்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நீ வாந்தி எடுத்தாய். இரண்டாவது தடவை பச்சையாக வந்தது. அப்புறம் எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வெறுமனே குமட்டினாய். கையும் காலும் ஐஸ்கட்டியாகிவிட்டன. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தாய், ஆனால் கண் எங்களைப் பார்க்கவில்லை. உன் பெரியம்மா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "இன்னாத்த அரைச்சீங்க? புள்ளைக்கு இன்னாத்தக் குடுத்தீங்க? சொல்லுங்க!" அரைத்தது என்ன என்று எனக்கே தெரியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உன் தலை என் கழுத்தில் இடித்துக்கொண்டே வந்தது. செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா நல்லவர். உன் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "என்ன சாப்பிட்டா? கைமருந்து ஏதாவது குடுத்தீங்களா? பயப்படாம சொல்லுங்க, திட்டமாட்டேன். தெரிஞ்சாதான் நான் வைத்தியம் பார்க்க முடியும்." பாப்பா, நான் எழுத வேண்டியது இதுதான். இதை எழுதத்தான் காலையிலிருந்து மூன்று பேப்பர் கிழித்திருக்கிறேன். நீ கட்டிலில் கிடந்தாய். அவர் கேட்டார். நான், "பலாச்சுளை சாப்பிட்டுதுங்க" என்றேன். "வேற?" என்றார். "வேற ஒண்ணும் இல்லீங்க" என்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு வழி தெரிந்திருக்கும். சொன்னால், தம்பி பிள்ளைக்குப் பச்சிலை கொடுத்துக் கொன்றான் என்று ஊர் பேசும், பிழைத்தாலும் உன் அம்மா அடுத்த பஸ்ஸில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். உன் உயிர் ஒரு பக்கம், நீ என் வீட்டில் இருக்க வேண்டும் என்கிற ஆசை ஒரு பக்கம். நான் ஆசையைப் பிடித்துக்கொண்டேன். நீ பிழைத்தது அந்த அம்மாவின் திறமை, உன் ஆயுசு. என்னால் இல்லை.

இரண்டு நாள் கழித்து நீ கஞ்சி கேட்டாய். அந்தத் தைரியத்தில் நான் பழைய ஆளாகிவிட்டேன். உன் அம்மா அழுதுகொண்டு வந்தபோது என் வாய் தானாகத் திறந்தது. பஜாரில் கெட்டுப்போன பலாச்சுளை விற்கிறார்கள், அதில்தான் பிள்ளைக்கு விஷமாகிவிட்டது, நல்லவேளையாக நான் மேட்டிலிருந்து வலம்புரி இலை பறித்து வந்து கொடுத்தேன், அதனால்தான் ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கியது, டாக்டரே அப்படித்தான் சொன்னார் என்றேன். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. உன் அம்மா என் காலில் விழுந்தாள். பாப்பா, விழுந்தாள். நான் தூக்கி நிறுத்தினேன், தூக்குகிற தகுதி உள்ளவன் மாதிரி.

அதோடு விட்டேனா? திருவதிகையிலிருந்து வந்து பஜாரில் பலா விற்ற அம்மாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். நாலு பேர் கூடிவிட்டார்கள். அந்த அம்மா மீதிப் பழத்தைத் தூக்கிக் காட்டி, "அய்யா, காலையில அறுத்த பழங்க. என் வூட்டுப் புள்ளைங்களும் இதத்தான் துன்னுதுங்க. நீங்களே ஒண்ணு வாயில போட்டுப் பாருங்க" என்று கெஞ்சினார். நான் வாயில் போடவில்லை. போட்டிருந்தால் இனித்திருக்கும். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. பண்ருட்டிப் பலாவுக்கு ஊரே நாக்கைத் தொங்கப் போடுகிற சீமையில் பிறந்துவிட்டு, வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிறவள் நீ ஒருத்திதான். உனக்கு அந்தப் பழத்தின் மேல் வெறுப்பு வந்தது வயிற்றால் இல்லை, என் வாயால். பிறகு ஒருமுறை திருவதிகைக் கோயிலுக்கு என்று போய், அந்த அம்மாவைத் தூரத்தில் பார்த்தேன். கிட்டே போகாமல் அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அந்தப் புதரை நீ வீடு திரும்பிய மறுநாளே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன். அது என்ன செடி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உன் பெரியம்மா அம்மியை மூன்று தடவை கழுவினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் எந்தப் பச்சிலையைக் கொண்டுவந்தாலும் வாசலிலேயே வாங்கி எறிந்துவிடுவாள். அவளுக்கும் நீ போய்விடுவாயோ என்கிற பயம்தான். ஆனால் அவள் பயந்து வாயை மூடினாள். நான் பயந்து வாயைத் திறந்தேன்.

கதை வளர்ந்தது உனக்குத் தெரியும். உன் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் அதைச் சொன்னேன். ஒரு வருஷம் இலை பறிக்கப் போன இடத்தில் நல்ல பாம்பு வந்தது, மறுவருஷம் அது படமெடுத்தது. நீ வாயைப் பிளந்து கேட்பாய். பத்தாவதில், "என்னைக் காப்பாத்துன செடியப் படிக்கப்போறேன் பெரிப்பா" என்றாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதே சமயம் உள்ளே ஏதோ சரிந்தது. தாவரவியல் சேர்ந்து இரண்டாம் வருஷம் லீவுக்கு வந்தபோது ஒரு அட்டையைப் பிரித்துக் காட்டினாயே, அன்றைக்கு நான் ஏன் காபியைக் கொட்டினேன் என்று நினைக்கிறாய்? மலையிலிருந்து கொண்டுவந்து உலர்த்திய உண்மையான வலம்புரிக் கிளை அது. "இலைய மட்டும் பாத்துப் பேர் சொல்லக் கூடாது பெரிப்பா. இந்த மாதிரி சொரசொரப்பு இலை நாலஞ்சு செடிக்கு இருக்கு. பூ வேணும், காய் வேணும். ஒரே கிளையில மூணும் பாத்தாதான் நான் பேர் எழுதுவேன்" என்றாய். பூ செங்கல் நிறம், வாட வாட சாம்பல் நீலமாகும், தேன்சிட்டு தேடி வரும் என்றெல்லாம் சொன்னாய். அப்புறம் நெற்றியைச் சுருக்கி, "நீங்க மஞ்சள் பூன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாய்.

அன்றைக்கு ஒரு வாசல் திறந்தது. நான் அதை அடைத்தேன். "நெய்வேலி மண்ணுக்கு அது மஞ்சளாத்தான் பூக்கும்" என்றேன். நீ சிரித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டாய். என் வார்த்தையை நம்பி, மஞ்சள் பூக்கிற வலம்புரி வகை ஒன்று இருக்கலாம் என்று உன் பேராசிரியரிடமும் கேட்டிருக்கிறாய். பூவையும் காயையும் பார்க்காமல் எந்தச் செடிக்கும் பெயர் எழுதாத பெண், என் சொல்லுக்கு மட்டும் எதையும் கேட்கவில்லை. அடுத்த மாதம் மேட்டுக்கு வந்து அதைத் தேடப்போகிறேன் என்கிறாய். தேடாதே. அப்படி ஒன்று இல்லை.

இனி நேற்றைய கதை. கதை என்று எழுதியதை அடித்துவிட்டு, நேற்று நடந்தது என்று எழுதச் சொல்கிறாள் பெரியம்மா. மத்தியானம் மெயின் பஜார் டீக்கடையில் பழைய ஷிப்ட் ஆட்களோடு உட்கார்ந்திருந்தேன். எப்போதாவது சிக்னல் எட்டுகிற பாறை மேல் ஏறி நின்று நீ கூப்பிட்டாய். மகள் மலையிலிருந்து பேசுகிறாள் என்று எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். நீ படபடவென்று பேசினாய். "பெரிப்பா, இங்க சமையல்கார அக்கா பொண்ணுக்கு வயிறு ரொம்ப வலிக்குது, நாலு வயசுதான். ஜீப் கீழ போயிருக்கு. எங்கிட்ட வலம்புரி எலை இருக்கு, நானே பூவும் காயும் பாத்துப் பறிச்சது. எனக்கு எவ்ளோ அரைச்சுக் குடுத்தீங்க?" டீக்கடையில் அத்தனை பேருக்கும் அந்தக் கதை தெரியும். "சொல்லுண்ணே, புள்ள கேக்குது பாரு, உன் வைத்தியத்த எடுத்து விடு" என்று ஒருவன் தொடையில் தட்டினான். பாப்பா, நான் வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். சத்தியமாக அதுதான் நினைத்தேன். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், "ஒரு கைப்பிடி" என்றது. லைன் அறுந்துபோனது.

திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. நாற்பது தடவை கூப்பிட்டேன். போனில் பார்த்துப் பதினேழு என்கிறாள் பெரியம்மா; எனக்கு நாற்பதுதான். பார்க்காத அந்தக் குழந்தைக்கு உன் ஏழு வயது முகம்தான் வந்தது. கை காலெல்லாம் சில்லிட்டு, கண்ணைத் திறந்தும் யாரையும் பார்க்காமல். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் உன் பெரியம்மாவிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததையே சொன்னேன், ஆனாலும் முதல் தடவையாகச் சொன்னேன். இருவரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்கு நீ அடிவாரத்திலிருந்து கூப்பிட்டாய். "ஜீப் சீக்கிரமே வந்துடுச்சு பெரிப்பா. எலைய ஊறப் போட்டிருந்தேன், குடுக்கல. ஆஸ்பத்திரியில பாத்தாங்க, குழந்தை தூங்குது. நாங்க திரும்பி மேல போறோம்" என்றாய். அப்புறம் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இங்க ரெண்டு அக்காங்க நம்ம கதையக் கேட்டுட்டு அவங்களும் எலை பறிச்சுக் காயவெச்சுட்டாங்க. அடுத்த தடவை நீங்க சொன்ன அளவுல குடுத்துடுவோம்." அடுத்த தடவை என்கிற அந்த வார்த்தை காதில் விழுந்தும், நான் "நல்லது பாப்பா" என்று வைத்துவிட்டேன். வைத்ததும் பெரியம்மா பிடுங்கித் திரும்ப அடித்துப் பார்த்தாள். லைன் போகவில்லை; நீ மேலே ஏறத் தொடங்கியிருந்தாய்.

உண்மையான வலம்புரி இலை குழந்தைக்கு நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. இந்த இரண்டு வார்த்தையை, எனக்குத் தெரியாது என்பதை, நான் முதல் தடவையாகக் கைப்பட எழுதுவது இந்தக் கடிதத்தில்தான். அளவும் தெரியாது. நான் உனக்குக் கொடுத்தது வலம்புரியே இல்லை, உன்னை அது காப்பாற்றவும் இல்லை, படுக்கவைத்தது அதுதான். உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். செடிக்கு நீ கேட்கிற கேள்வியை மனுஷனுக்கும் கேள். இலையை மட்டும் காட்டுகிறவனிடம் பூ எங்கே, காய் எங்கே என்று கேள். அவன் உன்னைத் தூக்கி வளர்த்தவனாக இருந்தாலும் கேள்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படித்து மடித்து வைத்துக்கொள்ளாதே. அந்த இரண்டு பெண்களையும், சமையல்கார அம்மாவையும் உட்காரவைத்து முழுக்க வாசித்துக் காட்டு. சும்மா கொடுக்காதே என்று சொன்னால் நீ இல்லாத நாளில் கொடுத்துவிடுவார்கள். கதையை நம்பினவர்களுக்குக் கதை பொய் என்று தெரிய வேண்டும். டாக்டரம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் வாசிக்கும்போது என் மேல் பரிதாபப்பட்டு ஒரு வரியைக்கூட விடாதே. காயவைத்த இலையெல்லாம் கொட்டியாகிவிட்டதா என்று கண்ணால் பார்.

ஞாயிறு காலையில் நீ கீழே இறங்குவாய். ஒன்பது மணியிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நீ கூப்பிட்டால் பெரியம்மாதான் எடுப்பாள். அந்த மூன்று பேரிடமும் எப்போது சொல்லப்போகிறாய் என்று அவளிடம் சொல். என்னிடம் பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். நான் பக்கத்தில்தான் இருப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்.

பெரியப்பா